கால்பந்துக் களத்தில் ஒரு பெண்மணி
(சங்க ஆண்டு விழா மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)



பெண்மையின் பெருமை குறித்துப் பேசுக என்று விழாக் குழுவினர் எனக்குப் பணித்தனர். கண்ணகியைப் பற்றியும் ஔவையைப் பற்றியும் மங்கையர்க்கரசியைப் பற்றியும் இம்மேடையில் ஆண்டுதோறும் அறிஞர் பலர் பேசக் கேட்டிருக்கிறீர்கள். அவர்களுக்கு மேலாக யான் சொல்லத்தக்கது யாதும் இல்லை. ஆதலின் இன்று வாழும் ஒரு பெண்மணியைப் பற்றிப் பேச விழைகிறேன். அவர் தமிழர் அல்லர், மணிப்பூரில் பிறந்தவர். ஓய்னம் பெம்பெம் தேவி என்பது அவர் பெயர். கால்பந்து ஆடியவர். ஒன்றிரண்டு ஆண்டு ஆடிவிட்டு வீடு திரும்பியவர் அல்லர். இருபத்தோர் ஆண்டுகள் இந்திய நாட்டின் உடையணிந்து ஆடியவர்.

"கால்பந்தா? அது ஆண்களின் ஆட்டமாயிற்றே" என்று முன்வரிசையில் ஒரு தாயார் மெல்லக் கூறுவது என் செவியில் விழுகிறது. அவரைக் குறை கூறேன். ஆயினும் ஒன்று நினைவூட்டுவேன். பெண்ணுக்கும் பந்துக்கும் உள்ள உறவு நம் இலக்கியத்திற்குப் புதியது அன்று. சிலப்பதிகாரத்திலே கந்துகவரி என்ற பகுதி, மகளிர் பந்தாடும்போது பாடும் பாட்டாகவே அமைந்துள்ளது. குற்றாலக் குறவஞ்சியின் தலைவி வசந்தவல்லி நம் கண்முன் வந்து நிற்பதும் பந்து பயிலும் கோலத்தில்தான். அவர்கள் ஆடியது கைப்பந்து என்பதை அறிவேன். கைக்குத் தகும் பந்து காலுக்கு மட்டும் ஏன் தகாமற் போயிற்று என்பதற்கு இதுவரை எவரும் எனக்கு விடை கூறியதில்லை. நிற்க.

இத்தயக்கம் நமக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிட வேண்டா. கால்பந்தின் தாயகம் என்று கூறப்படும் இங்கிலாந்திலேயே நடந்த செய்தியைக் கேளுங்கள். முதல் உலகப் போரின் காலத்தில் ஆண்கள் போர்முனைக்குச் சென்றுவிட, பெண்கள் ஆலைகளுக்குச் சென்றனர். பிரஸ்டன் நகரிலே டிக் கெர் என்னும் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் ஓர் அணி அமைத்து ஆடத் தொடங்கினர். 1920-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் லிவர்ப்பூலில் அவர்கள் ஆடிய ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டனர் என்பது வரலாறு. மறு ஆண்டு, 1921 திசம்பரில், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றிற்று. இவ்வாட்டம் பெண்களுக்குப் பொருந்தாதது. ஆதலின் சங்கத்தில் இணைந்த கழகங்களின் மைதானங்களில் அவர்களை ஆடவிடலாகாது என்பது அதன் சாரம். அந்தத் தடை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. ஆட ஆளில்லை என்றோ, பார்க்க ஆளில்லை என்றோ அத்தடை வரவில்லை என்பதைக் கருதுங்கள். ஐம்பத்து மூவாயிரம் பேர் பார்த்த பிறகே அது வந்தது!

நம் நாட்டில் 1975-ஆம் ஆண்டளவில்தான் மகளிர் கால்பந்துக்கெனத் தனிச் சம்மேளனம் ஒன்று தோன்றியது. கையில் பணமில்லை; பத்திரிகைகளில் இடமில்லை. அவ்வளவு எளிய நிலையிலும் அப்பெண்கள் செய்தது வியப்பைத் தருவது. கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்திய மகளிர் இறுதி ஆட்டம் வரை சென்று இரண்டாம் இடம் பெற்றனர். 1983-இல் பாங்காக்கிலும் இரண்டாம் இடம். அவ்வணியின் சாந்தி மல்லிக் என்ற வங்கப் பெண்மணிக்கு 1983-ஆம் ஆண்டு அர்ச்சுனா விருது கிடைத்தது. கால்பந்துக்காக அவ்விருதைப் பெற்ற முதல் பெண் அவரே. இரண்டாவது பெண் யார், எப்போது பெற்றார் என்பதைச் சற்றுப் பொறுத்துக் கூறுகிறேன். அந்த இடைவெளியிலேதான் நம் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

பெம்பெம் தேவி 1980-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் இம்பாலில் பிறந்தார். மணிப்பூரைப் பற்றி ஒரு சொல் இங்கே கூற வேண்டும். நாட்டின் ஒரு கோடியில், மலைகள் சூழ்ந்த சிறு மாநிலம் அது. நம் தீவுகளைப் போலவே, நாட்டுப் படத்தில் விரல் வைத்துத் தேடிக் காட்ட வேண்டிய இடம். அம்மாநிலத் தலைநகரில் இமா கைத்தல், அதாவது தாய்மார் சந்தை என்ற ஒன்று உண்டு. அங்கே கடை வைப்போர் அனைவரும் பெண்களே. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில், 1939-இல், அரிசி வெளியூருக்கு ஏற்றப்பட்டதை எதிர்த்துத் தெருவில் இறங்கிப் போராடியவர்களும் அவ்வூர்ப் பெண்களே. அத்தகைய மண்ணிலும் ஒரு சிறுமி பந்தை உதைக்க வேண்டுமானால் ஆணாக நடிக்க வேண்டியிருந்தது.

எட்டு, ஒன்பது வயதிலே அச்சிறுமி தெருப் பையன்களோடு ஆடத் தொடங்கினாள். பெண்பிள்ளைகளுக்கென்று அணி கிடையாது. பையன்களின் அணியில் சேர வேண்டுமானால் பையனாகத் தோன்ற வேண்டும். முடியைக் கத்தரித்துக் கொண்டாள். பெயர் கேட்டால் "போபோ" என்பாள். வேறோரிடத்தில் "அம்கோ" என்பாள். எதிரணிப் பிள்ளைகள் ஐயமின்றி ஆடினர். வீட்டிலோ, பெண் படிப்பில் நாட்டம் செலுத்த வேண்டும் என்பதே தந்தையாரின் விருப்பம். எந்தத் தந்தையின் விருப்பமும் அதுவாகத்தான் இருக்கும், அதில் குற்றமில்லை. ஆனால் ஒரு குழந்தை தனக்குப் பிடித்ததைச் செய்வதற்காகத் தன் பெயரையே மறைக்க நேர்ந்ததை எண்ணும்போது என் நெஞ்சம் ஏனோ அமைதி கொள்வதில்லை. நம் காப்பியங்களில் மாறுவேடம் பூண்ட மகளிர் உண்டு. போர்க்களத்துக்கோ காதலுக்கோ வேடம் பூண்டனர். இவளோ மாலை நேரத்தில் ஒரு மணி நேரம் ஓடி ஆடுவதற்காக வேடம் பூண்டாள்.

1991-இல் பதின்மூன்று வயதிற்குட்பட்டோர்க்கான போட்டியில் மணிப்பூர் அணிக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்களுக்கான தேசியப் போட்டியை அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் நடத்தத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஆண்களின் சந்தோஷ் கோப்பை 1941-இலேயே தொடங்கிவிட்டது. பெண்களுக்கு அதன் பின் ஐம்பது ஆண்டுகள் ஆயின. இங்கிலாந்திலும் ஐம்பது, இங்கும் ஐம்பது! பெண்கள் காத்திருக்க வேண்டிய காலத்தை எவரோ எங்கோ ஒரே அளவுகோலால் அளந்து வைத்தாற் போலும்.

1995-இல் மலேசியாவில் நடந்த ஆசியப் போட்டியில், குவாம் அணிக்கு எதிராக, பதினைந்து வயதில் பெம்பெம் இந்திய அணியில் முதன்முதலாக ஆடினார். அதன் பின் நாடு ஆடிய போட்டிகளிலெல்லாம் அவர் பெயர் உண்டு. 1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டு விழாவுக்குச் சென்ற அணியிலும் இருந்தார். பின்னர் அணித் தலைவியும் ஆனார். அவர் ஆடியது நடுக்களத்தில்.

நடுக்களம் என்பதன் அருமையை இங்கே சற்று விரித்துரைக்க வேண்டும். கால்பந்து பார்க்கும் வழக்கமுள்ள இளைஞர்கள் பொறுத்தருள்க. முன்களத்தார் கோல் போடுவர். மறுநாள் செய்தித்தாளில் அவர் படம் வரும். கோல் காப்பவர் பந்தைப் பாய்ந்து பிடிப்பார்; கைதட்டல் எழும். நடுக்களத்தார் வேலையோ வேறு. பின்னால் தம்மவர் தளர்ந்தால் ஓடிச் சென்று தடுக்க வேண்டும். பந்து கிடைத்த நொடியில் நிமிர்ந்து நோக்கி, முன்னே யாரிடம் இடம் இருக்கிறது என்று கண்டு அனுப்ப வேண்டும். தொண்ணூறு நிமிடமும் ஓய்வில்லை. மிகுதியாக ஓடுபவர் பெரும்பாலும் அவரே. மிகக் குறைவாகப் பேசப்படுபவரும் அவரே. இல்லத்தை நடத்தும் தாய்மார்களுக்கு இவ்வேலையின் இயல்பை யான் விளக்க வேண்டியதில்லை. அவ்விடத்தில் நின்று இருபது ஆண்டு ஆடியவரை அவர் நாட்டு மக்கள் "இந்தியக் கால்பந்தின் துர்க்கை" என்று அழைத்தனர்.

பெயர் பெரிது, பிழைப்போ வேறு. அக்காலத்தில் மகளிர்க்கு ஊதியம் தரும் கழகங்கள் நம் நாட்டில் இல்லை. மணிப்பூர்க் காவல்துறையில் கிடைத்த வேலைதான் பெம்பெம்முக்குக் கைகொடுத்தது. அவரைப் போன்ற பலருக்கும் காவல்துறையும் இரயில்வேயுமே புகலிடம். இந்திய அணிக்கே ஆட்டங்கள் அரிதாயின. 2009-ஆம் ஆண்டு, நெடுநாள் எந்தப் பன்னாட்டு ஆட்டமும் ஆடாத காரணத்தால், உலகத் தரவரிசைப் பட்டியலிலிருந்து இந்திய மகளிர் அணியின் பெயரே நீக்கப்பட்டது. தோற்று இறங்கியது அன்று. ஆடாமலே இல்லாமற் போனது! ஆட்டக்காரியின் உடலுக்கு வலிமை மிக்க ஆண்டுகள் பத்தோ பன்னிரண்டோதான். அவற்றுள் சிலவற்றை இப்படிக் காத்திருப்பிலேயே கழிப்பதென்றால் அதன் துயரம் எத்தகையது! முழங்காலில் அடிபட்டால் மருத்துவம் உண்டு. காலண்டரில் ஆட்டம் இல்லாததற்கு மருத்துவம் இல்லை. பலர் அக்காலத்தில் களத்தை விட்டு அகன்றனர். பெம்பெம் அகலவில்லை.

2010-இல் கதவு திறந்தது. அவ்வாண்டு தாக்காவில் நடந்த தெற்காசிய விளையாட்டு விழாவில் மகளிர் கால்பந்து சேர்க்கப்பட, இந்தியா தங்கம் வென்றது. தெற்காசியக் கோப்பையையும் 2010, 2012, 2014 என மும்முறை தொடர்ந்து இந்திய மகளிர் வென்றனர்; மூன்றிலும் பெம்பெம் இருந்தார். 2014-இல் நம் அண்டை நாடான மாலத்தீவின் நியூ ரேடியண்ட் கழகம் அவரை அழைத்து ஆடச் செய்தது. கழகமும் பட்டம் வென்றது. அகில இந்தியச் சம்மேளனத்தின் ஆண்டுச் சிறந்த வீராங்கனை விருதை 2001-இலும் 2013-இலும் பெற்றார். ஒரே பெண், பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில், இருமுறையும் சிறந்தவர் எனப்பட்டதில் அவருடைய பெருமையும் தெரிகிறது; இடைப்பட்ட காலத்தின் வறுமையும் தெரிகிறது.

2016 பிப்ரவரியில் ஷில்லாங்கில் தெற்காசிய விளையாட்டு விழா. இறுதி ஆட்டத்தில் நேபாளத்தை 4–0 என்று வென்று தங்கம் பெற்ற அந்நாளே அவர் இந்திய அணிக்காக ஆடிய கடைசி நாள். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. அதன் பின் பயிற்சியாளராயினார். மகளிர்க்கென முதன்முதலாகத் தொடங்கப்பட்ட இந்திய மகளிர் லீக் போட்டியில், 2017-இல், மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் பட்டம் வென்றபோது அவ்வணியை வழிநடத்தியவர் அவரே.

இப்போது அர்ச்சுனா விருதுக்கு வருகிறேன். சாந்தி மல்லிக்குக்குப் பின் அவ்விருதைப் பெற்ற இரண்டாவது மகளிர் கால்பந்தாட்டக்காரர் பெம்பெம் தேவி, ஆண்டு 2017. இடையே 34 ஆண்டுகள்! அந்த முப்பத்து நான்கு ஆண்டுகளில் இந்நாட்டில் பெண்கள் எவரும் பந்தை உதைக்கவில்லையா? உதைத்தனர், பார்ப்பார் இல்லை. 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கால்பந்துக்காக அதைப் பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற சிறப்பும் அவரைச் சேர்ந்தது. போபோ என்றும் அம்கோ என்றும் மறைந்து ஆடிய சிறுமியின் உண்மைப் பெயரைக் குடியரசுத் தலைவர் மாளிகையில் உரக்கப் படித்தனர்.

அவர் வகுத்த வழியில் பின்னர்ப் பலர் வந்தனர். மணிப்பூரின் பாலா தேவி 2020-இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கழகத்தில் சேர்ந்து ஐரோப்பாவில் ஆடினார். 2025-இல் தாய்லாந்தில் நடந்த தகுதிப் போட்டியில், அந்நாட்டையே 2–1 என்று வென்று, இந்திய மகளிர் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றனர். தகுதிச் சுற்றில் வென்று அப்படி நுழைந்தது அதுவே முதன்முறை.

தமிழ் மண்ணில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். இங்கேதான் நம் நெஞ்சைத் தொடும் செய்தி உள்ளது. 2004 திசம்பர் 26-ஐ இவ்வவையில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. கார் நிக்கோபாரிலும், இலங்கையிலிருந்து வந்த நம் தமிழ்க் குடும்பங்கள் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த கச்சாலிலும் அன்று கடல் செய்ததை நேரிற் கண்டவர் இவ்வரங்கிலும் இருக்கக்கூடும். அதே காலை, அதே அலை, கடலூர்க் கரையையும் அழித்தது. அதன் பின் வந்த ஆண்டுகளில் அந்தக் கடலூர் மாவட்டமே கால்பந்தாடும் பெண்களின் விளைநிலமாயிற்று. இந்துமதி கதிரேசன், சுமித்ரா காமராஜ், அரசு விடுதியில் வளர்ந்த சந்தியா ரங்கநாதன் ஆகிய மூவரும் அம்மாவட்டத்திலிருந்து இந்திய அணிக்குச் சென்றவர்கள். 2018-இல் கட்டாக் நகரில் நடந்த தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், இருபது முறைக்கு அணித்தாகப் பட்டம் வென்றிருந்த மணிப்பூரை, தமிழகப் பெண்கள் 2–1 என்று வென்றனர். தமிழகத்துக்கு அதுவே முதற்பட்டம். 2019-இல் மதுரையின் சேது கழகம் இந்திய மகளிர் லீக் பட்டத்தையும் வென்றது. 2023-இல் தமிழகம் மீண்டும் தேசியப் பட்டம் பெற்றது. பெம்பெம்மின் ஊரை வெல்வதற்குப் பெம்பெம்மைப் போல ஆட வேண்டியிருந்தது என்பேன்.

இந்துமதி தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020-இல் கொரோனா நோய் பரவி ஊரடங்கு வந்தபோது, ஆட்டமெல்லாம் நின்றுவிட, அவர் சென்னைத் தெருக்களில் காவற்பணி ஆற்றினார். பெம்பெம்மைப் போலவே இவருக்கும் காவல்துறையே சோறிட்டது. "பந்தாடினால் பிள்ளைக்கு என்ன எதிர்காலம்?" என்று கேட்கும் பெற்றோர்க்கு இதனையே விடையாகக் கூறுவேன். பெருஞ்செல்வம் வராது, விளையாட்டுக்கான ஒதுக்கீட்டில் அரசுப் பணி வரலாம், வராமலும் போகலாம். பொய் நம்பிக்கை தர எனக்கு விருப்பமில்லை. ஆனால் பிள்ளைக்கு உடல் உரம் வரும். தோற்றாலும் மறுநாள் களத்திற்குச் செல்லும் மனம் வரும். கணிதப் பாடத்தில் தேறாத பிள்ளையை நாம் கணக்கை விட்டுவிடு என்றா சொல்கிறோம்?

இனி நம் தீவுகளுக்கு வருவோம். கால்பந்து இங்கே புதிதன்று. கார் நிக்கோபாரில் அவ்வாட்டத்தின் மீதுள்ள பற்று அளவிறந்தது. ஒரு தந்தையார் தம் மகனுக்கு டேவிட் பெக்காம் என்று இங்கிலாந்து ஆட்டக்காரரின் பெயரையே சூட்டினார்; அம்மகன் வளர்ந்து சைக்கிள் பந்தய வீரரானார் என்பது வேறு செய்தி! ஆழிப்பேரலையில் மரத்தைப் பற்றி உயிர் தப்பிய சிறுமி டெபோரா ஹெரால்டு, பின்னாளில் சைக்கிள் பந்தயத்தில் நாட்டின் முன்னணி வீராங்கனையாகத் திகழ்ந்தார். ஆகவே தீவுப் பெண்ணுக்கு ஆற்றல் இல்லை என்று எவரும் கூற முடியாது. போர்ட் பிளேர் என்று நாம் அழைத்து, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற நம் நகரிலே மைதானங்கள் இருக்கின்றன. மாலை நான்கு மணிக்கு அவற்றில் ஓடுவோரைப் பாருங்கள். பத்து வயது வரை பெண்பிள்ளைகளும் தென்படுவர். பதின்மூன்று வயதுக்கு மேல் ஒருத்தியும் இல்லை. பூப்பெய்திய பெண் அரைக்காற்சட்டை அணிந்து ஓடுவதா என்ற எண்ணம். இருட்டிய பின் தனியே வருவதா என்ற அச்சம். வெயிலில் நிறம் கறுக்குமே என்ற கவலை. முதலிரண்டையும் பேசித் தீர்க்கலாம். மூன்றாவதற்கு யான் விடை கூறப் போவதில்லை. கறுப்பு நிறத்துக்கு வெட்கப்படுவோர் கண்ணன் கோயிலுக்குச் செல்வதை நிறுத்திவிட்டு வந்து என்னிடம் கேட்கட்டும்.

நம் சங்கத்தின் விளையாட்டு விழா நிரலை எடுத்துப் பார்த்தேன். ஆண்பிள்ளைகளுக்குக் கால்பந்து, கைப்பந்து, கபடி, நூறு மீட்டர் ஓட்டம். பெண்பிள்ளைகளுக்கு எலுமிச்சை–கரண்டி ஓட்டம், இசை நாற்காலி, கோலப் போட்டி. எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் வைத்துப் பல்லால் கடித்துக்கொண்டு நடக்கும் திறமை வாழ்வில் எங்கே பயன்படும் என்று யான் அறியேன். கோலத்தைக் குறை கூறவில்லை, அது கலை. ஆனால் அதைப் பையன்களும் போடலாமே!

ஆதலின் செயற்குழுவினர் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வரும் ஆண்டு விழாவில் சிறுமியர்க்கு அணிக்கு ஏழு பேராகக் கால்பந்துப் போட்டி ஒன்று சேர்க்க வேண்டும். முழு மைதானம் வேண்டியதில்லை, பாதி போதும். வாரத்தில் இரண்டு மாலை, ஐந்தரை மணிக்குள் முடியுமாறு, அந்தப் பாதி மைதானத்தைப் பெண்பிள்ளைகளுக்கென ஒதுக்க நம் இளைஞர் மன்றத்தினர் இசைய வேண்டும். தாய்மார் இருவர் முறை வைத்து ஓரத்தில் அமர்ந்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் காவலும் ஆயிற்று, தாய்மார்க்குக் காற்றும் ஆயிற்று. பந்து இரண்டும் சிறுமியர்க்கான சட்டைகளும் என் பொறுப்பு. சட்டையின் முதுகில் எண்ணுக்கு மேலே அவரவர் பெயரைத் தமிழில் எழுதித் தருவேன். பெயர் கொடுக்க விரும்பும் சிறுமியர் விழா முடிந்ததும் நூலக அறைக்கு வரலாம். ஏடும் எழுதுகோலும் கொண்டு வந்திருக்கிறேன்.